பதினொரு நிமிடம்

கிளிநொச்சி என்னிடம்தான் வந்து சேர்கிறது.
வங்கி முகாமையாளருடையது,
ஆஸ்பத்திரி மூன்றாம் வாட்டுடையது,
கலியாண மண்டபத்தில் முந்தநாள் சாப்பிட்ட
எண்ணூறு பேருடையது.
பத்திநாதன் பவுசரின் வாயைத் திறந்தபின்
எவருக்கும் விலாசமில்லை.

எனக்கு வேலை அதன் மூச்சைப் பார்ப்பது.
இரண்டாம் குளத்தில் காற்றூதி சுற்றவேண்டும்.
கரைந்த ஒட்சிசன் இரண்டுக்குக் கீழே இறங்கினால்
கண்ணுக்குத் தெரியாத என் வேலையாட்கள்
சாகத் தொடங்குவார்கள்.
கோடி கோடியாய் ஆட்கள்,
சபையின் சம்பளப் பட்டியலில் ஒருவரும் இல்லை.
தின்பார்கள். தின்று தின்று கனத்து
மண்ணிறச் சேறாய் அடியில் படிவார்கள்.
மேலே தெளிந்தது சம்புப் பாத்தியில் கசிந்து
கனகராயன் ஆற்றுக்குப் போகும்.

எங்கே வேலை என்று கேட்டாள் கடைக்காரி.
பிரதேச சபை என்றதும் சிரித்தாள்.
சபையில் எங்கே? சொன்னேன்.
மிச்சக் காசைக் கையில் தராமல்
மேசையில் வைத்தாள்.
அவளுடையதும் வருகிறது,
ஆறு மாதத்துக்கு ஒருக்கால்.

டிசெம்பர் இருபத்தொன்று.
இரணைமடு வான் பாய்கிறது என்றார்கள்.
கம்பம் சரிந்து கரண்ட் போனது.
ஜெனறேற்றர் மூன்றுதரம் இருமிவிட்டு நின்றது.
மழை நேரே குளத்துக்குள் கொட்டுகிறது,
கட்டின் விளிம்புக்கு இன்னும் நாலு விரல்.
கட்டு உடைந்தால் எல்லாமே போகும்,
சேறும், ஆட்களும், அவர்களை வளர்த்தெடுத்த மூன்று மாதமும்.

போனில் இஞ்சினியர் சொன்னார்:
"பைபாஸைத் திற பிள்ளை.
வெள்ளத்தோட வெள்ளம், ஆர் காணப்போறது?
புத்தகத்தில ஒண்டும் எழுதாதை."

சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது.
பத்திநாதனும் தோள் கொடுத்தான்.
"முந்தி நான் ராவில மதகடியில ஊத்திப்போட்டு
லைற்றை நூத்துக்கொண்டு வந்திருக்கிறன்" என்றான்,
மழையைப் பார்த்து, என்னைப் பாராமல்.
பதினொரு நிமிடம்.
மணிக்கூட்டுக்கு ரோர்ச் அடித்தபடி நின்றேன்.

வெள்ளம் வற்ற ஐந்து நாள்.
போத்தல் பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு
ஆறு போன வழியே போனேன்.
முரசுமோட்டையில் சேறு, வேலியில் தொங்கிய ஒற்றைச் செருப்பு.
கண்டாவளைக்கு அப்பால்
ஆறு மறந்துவிட்டுப் போன ஒரு கிடங்கில்
விரல் நீள மீன்கள்
வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன.
மீற்றரை இறக்கினேன். ஒன்று தசம் நாலு.
என்னுடைய பதினொரு நிமிடமா,
அழுகிய நெல்லா, யூரியாவா?
மீற்றர் அதைச் சொல்லாது.

சுண்டிக்குளத்து உப்புத் தண்ணீரில்
இடுப்பளவு நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தாள்
சுகிர்தமலர்.
"வெள்ளத்துக்கு இறால் நல்ல விழுவு" என்று
ஒரு பிடி அள்ளி என் கைக்குள் வைத்தாள்.
குளிர்ந்த, துடிக்கிற மீசைகள்.
என் உள்ளங்கையை அவள் இரண்டாம்தரம் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டேன்.
எங்கே வேலை, என்ன திறந்தேன், எவ்வளவு நேரம்.

வலையை உதறினாள். ஒரு பாசித் துண்டைப் பிடுங்கி எறிந்தாள்.
"எத்தனை மணிக்கு?"
"ராத்திரி ஒண்டு இருபதுக்கு."
"அப்ப எனக்கு விடிய வந்திருக்கும்" என்றாள்,
பஸ் நேரம் பார்ப்பவளைப் போல.
"விடிய என்ர பெடியன் இதுக்குள்ளதான் நிண்டவன்."
பிறகு, "இனித் திறக்கிறதெண்டா
முதல் எனக்கு ஒரு போன் அடி."
கரைமணலில் மட்டியோட்டால்
பத்து இலக்கம் எழுதினாள்.
அலை வருமுன் பாடமாக்கிக்கொண்டேன்.

ஒட்சிசன், வெப்பநிலை, அமிலத்தன்மை,
எல்லா நிரலும் நான் நிரப்புபவைதான்.
கடைசி நிரல், "குறிப்பு",
இரண்டு வருடமாக வெறுமை.
அதில் எழுதினேன்:
1.20 முதல் 1.31 வரை. பைபாஸ். சுத்திகரிக்காதது.
கீழே ஒரு பெயர், ஒரு போன் இலக்கம்.

காற்றூதி திரும்பவும் சுற்றுகிறது.
இஞ்சினியர் வெள்ளிக்கிழமை வருவார்,
கையெழுத்து வைக்க.